இரண்டாவது முதலாளி

1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு இருந்தது. ஹியூஸ் ஸ்டோன் என்ற கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு ஏற்கெனவே ஒரு கண்ணில் பார்வை இல்லை. வேலையில் நடந்த விபத்தில் இன்னொரு கண்ணும் போய்விட்டது. கம்பெனி எதற்கு இழப்பீடு தர வேண்டும்? அங்கே போன ஒற்றைக் கண்ணுக்கா, இருட்டாகிப்போன முழு வாழ்க்கைக்கா? முழு ஊனத்துக்கும் தர வேண்டும் என்றது நீதிமன்றம். தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட நியாயமான தீர்ப்பு இருக்க முடியாது.

பின்னால் நடந்ததுதான் விபரீதம். ஒரு கண், ஒரு கை, ஒரு கால் இல்லாத ஆட்களை வேலைக்கு வைத்திருந்த மற்ற முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு கண்ணும் உள்ளவனுக்கு ஒரு கண் போனால் ஒரு கண்ணுக்குத்தான் பணம். ஒற்றைக் கண்ணனுக்குப் போனால் முழு ஊனத்துக்கான பணம். முப்பது நாளுக்குள் ஏழாயிரம் முதல் எட்டாயிரம் பேர்வரை வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள் என்று அந்தச் சட்டத்தை நிர்வகித்தவர்கள் தரப்பிலிருந்தே பிற்பாடு ஒரு கணக்கு சொல்லப்பட்டது. தொழிலாளர் இழப்பீடு பற்றிய அமெரிக்க நூல்களில் இந்தச் செய்தி திரும்பத் திரும்ப வரும். அந்த மாதம் வேலை இழந்தவர்கள் யாருக்கும் புதிதாகக் காயம் எதுவும் பட்டிருக்கவில்லை.

இழப்பீட்டுச் சட்டம் அடிப்படையில் இரண்டு பேருக்கு இடையே போடப்பட்ட ஒப்பந்தம். ஒரு தொழிலாளி, ஒரு முதலாளி, ஒரு காயம். அந்தத் தொழிலாளி அரைகுறையாகக் குணமான உடம்போடு இன்னொரு கம்பெனியின் வாசலில் போய் நிற்கும்போது என்ன ஆகும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் சரியாக யோசிக்கவில்லை. இழப்பீடு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, மருத்துவர் விதித்த கட்டுப்பாடுகளோடு, புது வேலைக்குப் போவதில் வரும் குழப்பங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த விடுபட்ட ஆளிடமிருந்து, அதாவது இரண்டாவது முதலாளியிடமிருந்து, தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

ஒப்பந்தம் எப்படி உருவானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884இலும் இங்கிலாந்து 1897இலும் செய்துவிட்ட காரியத்துக்கு அமெரிக்கா இருபதாம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் உயர் நீதிமன்றம் அங்கு இயற்றப்பட்ட இழப்பீட்டுச் சட்டத்தை 1911 மார்ச் 24 அன்று செல்லாது என்று அறிவித்தது. மறுநாள் அதே நியூயார்க் நகரில் டிரையாங்கிள் தையல் ஆலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் விஸ்கான்சின் கொண்டுவந்த சட்டம் நிலைத்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர, 1948இல் மிசிசிப்பி கடைசியாக வந்தது. நிபந்தனை எங்கும் ஒன்றுதான்: விபத்தில் தப்பு யாருடையது என்று கேட்காமல் முதலாளி சிகிச்சைச் செலவையும் சம்பளத்தில் ஒரு பங்கையும் தருவார், பதிலுக்குத் தொழிலாளி அவர்மீது நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பார். பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பங்கு சம்பளத்தில் மூன்றில் இரண்டு.

இனி இன்றைய கலிஃபோர்னியாவுக்கு வருவோம். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுவதுதான் வசதி. லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே இன்லண்ட் எம்பயர் என்று ஒரு பகுதி இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் கிடங்குகள். துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் இங்கே வந்து பிரிந்து நாடு முழுக்கப் போகின்றன. அங்கே பெட்டி தூக்கும் ஒருவருக்குத் தோள்பட்டைத் தசைநார் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாரச் சம்பளம் 900 டாலர்.

அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு படிவத்தை நிரப்பி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பிஆர்-2 என்பது அதன் பெயர். வேலை நிலை என்ற இடத்தில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. இன்ன தேதிவரை வேலைக்குப் போகக்கூடாது. இன்ன தேதியிலிருந்து கட்டுப்பாடுகளோடு வேலைக்குப் போகலாம். இன்ன தேதியிலிருந்து முழு வேலைக்குத் திரும்பலாம். முதலாவதும் மூன்றாவதும் சிக்கல் இல்லாதவை. நடுக்கட்டத்தில் டிக் விழுந்தால் பக்கத்தில் மருத்துவர் எழுத வேண்டியிருக்கும்: 20 பவுண்டுக்கு மேல் தூக்கக்கூடாது, வலது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய்ச் செய்யும் வேலை கூடாது, ஏணி ஏறக்கூடாது. 20 பவுண்டு என்பது ஏறத்தாழ ஒன்பது கிலோ. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் வகைப்பாட்டில் எப்போதாவது 10 பவுண்டு தூக்குவது உட்கார்ந்த வேலை, 20 பவுண்டு இலகுவான வேலை, 50 நடுத்தரம், 100 கனமான வேலை. ‘எப்போதாவது’ என்பதற்குக்கூட அளவு வைத்திருக்கிறார்கள்: வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை. மூன்றில் ஒன்றைத் தாண்டி மூன்றில் இரண்டுவரை போனால் அது ‘அடிக்கடி’. எட்டு மணி நேர வேலையில் இரண்டரை மணி நேரம் பெட்டி தூக்கினாலும் சட்டத்தின் பேச்சில் அது எப்போதாவதுதான். தோள்பட்டைக்கு இந்தக் கணக்கு தெரியாது.

‘எங்களிடம் லைட் வேலை கிடையாது’ என்று கிடங்கு சொல்லிவிட்டால், கட்டுப்பாடு மட்டுமே உள்ள அந்த ஆள் வேலைக்கே போக முடியாதவராகக் கணக்கில் வருவார். 900இல் மூன்றில் இரண்டு பங்கான 600 டாலர் வாரந்தோறும் வரும். காயம்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மொத்தம் 104 வாரம் என்பது பொதுவான உச்சவரம்பு. 600 டாலரில் வாடகை கொடுத்துவிட்டு அந்தப் பகுதியில் குடும்பம் நடத்துவது கஷ்டம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது சிலருக்கு அதைவிடக் கஷ்டம். இந்த நேரத்தில் கார் உதிரிபாகக் கடை ஒன்றில் கவுன்ட்டரில் நிற்கும் வேலை வருகிறது. தூக்குவது கொஞ்சம்தான். வாரம் 500 டாலர்.

போகலாமா? இந்தக் கேள்வியைக் கேட்கும் தொழிலாளிக்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘போனால் கேஸ் போய்விடும்’ என்பது. இது தவறு. சட்டம் தடுக்கவில்லை, சொல்லப்போனால் அதற்கென்றே ஒரு கணக்கும் வைத்திருக்கிறது. பழைய சம்பளத்துக்கும் இப்போதைய சம்பாத்தியத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பழைய முதலாளியின் இன்ஷூரன்ஸ் கம்பெனி தர வேண்டும். 900இல் 500 போனால் 400. அதில் மூன்றில் இரண்டு ஏறத்தாழ 267. புதுச் சம்பளம் 500ஐயும் சேர்த்தால் வாரம் 767 டாலர். வீட்டில் இருந்தால் வரும் 600ஐவிட அதிகம், பழைய 900ஐவிடக் குறைவு. புது வேலையில் 900 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் இந்த வாரப்பணம் நின்றுவிடும். தோளுக்கான சிகிச்சையும், கடைசியில் நிரந்தர ஊனம் என்று மதிப்பிடப்பட்டால் அதற்கான தொகையும் அப்போதும் பழைய கம்பெனியின் பொறுப்புதான். காயம் அங்கே பட்டது. ஆள் இடம் மாறியதால் கடன் இடம் மாறாது. இந்தச் சூத்திரத்தை அமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். பாதி குணமானவன் பாதி உழைத்தால் அவனுக்கு நஷ்டம் வரக்கூடாது என்ற எளிய உண்மையைப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

அப்படியென்றால் ஏன் இத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் புது வேலைக்குப் போனதால் அல்ல, சொல்லாமல் போனதால். கையில் காசு வாங்கிக்கொண்டு வார இறுதியில் செய்யும் வேலை, மைத்துனன் கடையில் கல்லாவில் உட்காருவது, வாடகைக் கார் ஓட்டுவது. இதெல்லாம் வேலையா என்று நினைத்து 600 டாலர் காசோலையையும் வாங்கிக்கொண்டிருந்தால் கலிஃபோர்னியா இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 1871.4ஆம் பிரிவு குறுக்கே வரும். இழப்பீடு பெறுவதற்காகத் தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து ஆண்டுவரை சிறை. அபராதம் ஒன்றரை லட்சம் டாலர் அல்லது மோசடித் தொகையின் இரு மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தனியார் துப்பறிவாளர்களை வைத்துத் தெருவில் நின்று படம் பிடிப்பது அங்கே சர்வ சாதாரணம். ‘சப் ரோசா’ என்று வழக்கறிஞர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். மளிகைப் பையைக் காரிலிருந்து இறக்கும் நாற்பது நொடி படத்தில் இருக்கும். அன்று இரவு முழுக்க ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தது படத்தில் இருக்காது.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் இதில் இன்னும் கறார். நீண்ட காலம் பணம் பெறுபவர்களுக்கு சிஏ-1032 என்று ஒரு படிவம் அனுப்புவார்கள். கடந்த பதினைந்து மாதத்தில் செய்த எல்லா வேலைகளையும் அதில் எழுத வேண்டும். சொந்தத் தொழிலும் தன்னார்வ வேலையும் இதில் அடக்கம். சம்பளம் வாங்காமல் செய்த வேலையா? அதே வேலைக்கு வேறொருவரை அமர்த்தியிருந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று எழுத வேண்டும். சம்பாத்தியத்தைத் தெரிந்தே மறைத்தால் அந்தக் காலத்துக்கான இழப்பீடு முழுவதையும் திருப்பிக் கேட்கலாம். தேவாலயத்தில் நாற்காலி அடுக்கிப்போட்டதற்கும் சந்தைவிலை கேட்கும் இந்தப் படிவத்தைப் படிக்கும்போது, காயம்பட்டவனை அரசாங்கம் முதலில் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பது விளங்கிவிடும். ஆனாலும் தொழிலாளிக்குத் தப்பிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது: வேலையில் சேர்ந்த தேதி, சம்பளம், வேலையின் தன்மை மூன்றையும் எழுத்தில் தெரிவித்துவிட்டவரை மோசடிக்காரர் என்று நிறுவுவது மிகக் கடினம்.

தேதியும் சம்பளமும் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. பிஆர்-2 படிவத்தில் உள்ள கட்டுப்பாடுகள் கிடங்கு வேலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஆனால் அவை கிடங்கோடு ஒட்டியவை அல்ல, தோளோடு ஒட்டியவை. கார் உதிரிபாகக் கடையில் சேர்ந்த பிறகு ‘இந்த ஒரு பேட்டரியை மட்டும் மேல் தட்டில் வைத்துவிடு’ என்று யாராவது சொல்வார்கள். கார் பேட்டரி ஏறத்தாழ 40 பவுண்டு இருக்கும். புது ஆள் முதல் வாரத்தில் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். அதை அவர் செய்துவிட்டார் என்று தெரிந்தால் பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டு விதமாகப் பேசலாம்: ஒன்று, மருத்துவர் எழுதிய கட்டுப்பாடே தேவையில்லாதது, இரண்டு, இனி வரும் வலிக்குக் காரணம் புது வேலை. இரண்டுமே தொழிலாளிக்கு எதிரானவை. அதனால் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அதன் பணி விவரத்தை எழுத்தில் வாங்கி மருத்துவரிடம் காட்டி, இதைச் செய்யலாம் என்று குறிப்பில் எழுத வைத்துவிடுவது. புது முதலாளியிடம் பணி விவரம் கேட்கும்போதே அவர் புருவம் உயரலாம் என்பது உண்மைதான்.

பழைய முதலாளியின் அழைப்பு இன்னொரு சிக்கல். கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட வேலையை அவரே கொடுத்து, தொழிலாளி மறுத்தால் வாரப்பணம் நிறுத்தப்படலாம். இந்த விதியில் அர்த்தம் இருக்கிறது. அது பயன்படும் விதம் சில சமயம் வேடிக்கையாக இருக்கும். மாதக்கணக்கில் இல்லாத லைட் வேலை, ஆள் வேறிடம் போகிறார் என்ற செய்தி கிடைத்ததும் திடீரென்று முளைக்கும். ஓர் அறையில் உட்கார வைத்துப் பழைய காகிதங்களை அடுக்கச் சொல்லும் வேலையாக அது இருக்கும். போனால் சலிப்பு, போகாவிட்டால் பணம் நிற்கும்.

புது முதலாளியின் முன் நேர்காணலுக்கு உட்காரும்போது என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டியதில்லை? இதற்கு 1990இல் இயற்றப்பட்ட ஊனமுற்ற அமெரிக்கர்கள் சட்டம் ஒரு விசித்திரமான வரிசையை வகுத்திருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு அது பொருந்தும். வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன் உடல்நிலை பற்றிக் கேட்கக்கூடாது. முன்பு இழப்பீடு வாங்கியிருக்கிறாயா என்றும் கேட்கக்கூடாது. 50 பவுண்டு தூக்க முடியுமா என்று கேட்கலாம், ஏன் முடியாது என்று கேட்கக்கூடாது. வேலை தருவதாகச் சொன்ன பிறகு கதவு திறந்துவிடும். அந்தப் பணிக்குச் சேரும் எல்லோரிடமும் கேட்பதாக இருந்தால், மருத்துவப் பரிசோதனையும் பழைய காயங்கள் பற்றிய கேள்வித்தாளும் அனுமதிக்கப்பட்டவை. பதிலைப் பார்த்துவிட்டு வேலையைத் திரும்பப் பெற வேண்டுமென்றால், நியாயமான மாற்றங்கள் செய்துகொடுத்தாலும் அந்தப் பணியின் முக்கிய வேலைகளை இவரால் செய்ய முடியாது அல்லது இவரால் ஆபத்து வரும் என்று காட்டியாக வேண்டும். வேலை கொடுத்துவிட்டு உடம்பைப் பார்த்துத் திரும்பப் பறித்தால் காரணம் வெளிச்சத்துக்கு வந்துவிடும் என்பதுதான் இந்த வரிசைக்குப் பின்னால் இருக்கும் யுக்தி.

அந்தக் கேள்வித்தாளில் ‘முதுகு, தோள், முழங்கால் காயம் உண்டா’ என்ற வரிக்கு எதிரே ‘இல்லை’ என்று டிக் போட்டுவிடும் ஆசை யாருக்கும் வரும். இதன் விலை அப்போது தெரியாது. இழப்பீட்டுச் சட்டத்தைப் பற்றிப் பல பாகங்களில் நூல் எழுதிய ஆர்தர் லார்சன் ஒரு சோதனையை வகுத்துத் தந்தார். பல மாநில நீதிமன்றங்கள் அதை எடுத்துக்கொண்டன. ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 1989இல் ஜார்ஜியா எலக்ட்ரிக் கம்பெனி வழக்கில் எடுத்துக்கொண்டது. சோதனைக்கு மூன்று கேள்விகள். தொழிலாளி தன் உடல்நிலை பற்றித் தெரிந்தே பொய் சொன்னாரா? அந்தப் பொய்யை நம்பித்தான் முதலாளி வேலை கொடுத்தாரா? மறைத்த குறைக்கும் இப்போது பட்ட காயத்துக்கும் தொடர்பு உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் புதுக் காயத்துக்கு இழப்பீடு கிடையாது. தோளை மறைத்துச் சேர்ந்தவருக்குக் கால் உடைந்தால் பிழைத்தார். அதே தோள் போனால் அவரைத் தாங்க ஆள் இல்லை. சொன்னால் வேலை கிடைக்காதோ என்ற பயம், சொல்லாவிட்டால் பின்னால் ஒன்றும் கிடைக்காதோ என்ற பயம். இரண்டுக்கும் நடுவில் நடக்கக்கூடிய ஒரே வழி, கேட்கப்படாதவரை பழைய கதையைப் பேசாமல் இருந்து, கேட்கப்பட்டதும் கட்டுப்பாட்டை அதன் அளவில் மட்டும் சொல்வது: வலது கையால் 20 பவுண்டுக்கு மேல் தூக்க மாட்டேன், மற்றதெல்லாம் செய்வேன்.

இரண்டாவது முதலாளியின் பயத்தைச் சும்மா ஒதுக்கிவிடக்கூடாது. ஏற்கெனவே பழுதான தோளை அவர் வாங்குகிறார். நாளை அது மீண்டும் கிழிந்தால் யார் தலையில் விழும்? பழைய காயமே தானாகத் திரும்பி வந்திருந்தால் பழைய முதலாளி பொறுப்பு. புது வேலை அதைக் கிளறி மோசமாக்கியிருந்தால் புது முதலாளி பொறுப்பு என்பது பரவலான விதி. எழுதுவதற்கு எளிதான விதி. ஒரு தோள்பட்டை எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து இது திரும்பி வந்ததா, கிளறப்பட்டதா என்று சொல்வது மருத்துவர்களுக்கே ஊகமாகத்தான் முடியும். இரு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் ஆளுக்கொரு மருத்துவரை வைத்துக்கொண்டு சண்டை போடும்போது, இரண்டு பக்கமும் பணம் வராமல் நடுவில் நிற்பவர் தொழிலாளி.

இதற்கு அமெரிக்கா ஒரு காலத்தில் நல்ல மருந்து கண்டுபிடித்தது. ஓக்லஹோமா தீர்ப்புக்கு முன்பே நியூயார்க்கில் ஒற்றைக் கையர் ஒருவருக்கு இன்னொரு கையும் போன வழக்கு வந்தது; அதை ஒட்டி 1916இல் அந்த மாநிலம் ‘இரண்டாம் காய நிதி’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. புது முதலாளி தன்னிடம் பட்ட காயத்துக்கு மட்டும் தருவார். பழைய ஊனத்தோடு சேர்ந்ததால் கூடிய மிச்சச் செலவை, எல்லா இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் சேர்ந்து கட்டும் நிதி ஏற்கும். இரண்டாம் உலகப் போரில் கைகால் இழந்து திரும்பும் வீரர்களுக்கு வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலையில் மற்ற மாநிலங்களும் வேகமாக இதைப் பின்பற்றின. ஓக்லஹோமாவுக்கு 1943இல்தான் புத்தி வந்தது. இரண்டாவது முதலாளியை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்த ஒரே ஏற்பாடு இது என்று சொல்லலாம்.

பிறகு அதை மூடத் தொடங்கினார்கள். நியூயார்க் 2007 ஜூலைக்குப் பிந்தைய காயங்களுக்கு நிதியின் கதவை அடைத்தது. ஜார்ஜியா, தென் கரோலினா என்று வரிசை நீண்டது. ஊனமுற்றோருக்கு எதிரான பாகுபாட்டைத்தான் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டதே, இனி நிதி எதற்கு என்பது மேடையில் சொல்லப்பட்ட காரணம். நிதிகளின் மேல் சேர்ந்துவிட்ட கடன்சுமை உள்ளே இருந்த காரணம். முதலாவது வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவரை ஒதுக்காதே என்று தடை போடுவதும், அவரைச் சேர்த்துக்கொண்டால் உனக்கு நஷ்டம் வராது என்று உறுதி கொடுப்பதும் வேறு வேறு. தடை மீறப்பட்டதை நிரூபிக்க வழக்குப் போட வேண்டும். 500 டாலர் வேலைக்காக யார் வழக்குப் போடுவார்கள்?

கலிஃபோர்னியா வேறு வழியில் போயிற்று. 2004 சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்கே நிரந்தர ஊனத்தைக் கூறுபோட வேண்டும்: இந்த ஊனத்தில் எத்தனை சதவீதம் இந்த வேலையால், எத்தனை சதவீதம் பழைய காயத்தாலும் மற்றவற்றாலும் என்று மருத்துவர் எண்ணிக்கையில் எழுத வேண்டும். முதலாளி தன் பங்குக்கு மட்டும் தந்தால் போதும். இரண்டாவது முதலாளியின் பயம் இதனால் குறைந்திருக்கும். அந்தக் குறைந்த அளவு தொழிலாளியின் கணக்கிலிருந்துதான் கழிக்கப்பட்டது.

பழைய கம்பெனியை விட்டுப் போவதால் நழுவும் வேறு விஷயங்களும் உண்டு. குடும்ப, மருத்துவக் காரணங்களுக்காகப் பன்னிரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும் உரிமையை 1993ஆம் ஆண்டின் சட்டம் தருகிறது; அதற்கு ஒரே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். புது இடத்தில் சேர்ந்த மூன்றாம் மாதம் அறுவைசிகிச்சைக்குத் தேதி கிடைத்தால் இந்தப் பாதுகாப்பு இருக்காது. அதே நேரத்தில் கலிஃபோர்னியாவில், 2013க்குப் பிந்தைய காயங்களுக்கு நிரந்தர ஊனம் ஏற்பட்டவருக்குப் பழைய முதலாளி குறிப்பிட்ட காலத்துக்குள் தகுந்த வேலை தராவிட்டால், மறுபயிற்சிக்காக 6,000 டாலர் மதிப்புள்ள வவுச்சர் கிடைக்கும். தகுந்த வேலை என்றால் குறைந்தது பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டும். மாற்றியமைக்கப்பட்ட வேலையானால் பழைய சம்பளத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். கணினிப் படிப்புக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் கருவிகள் வாங்கவும் அந்த வவுச்சர் உதவும். மறுவாழ்வுப் பயிற்சி என்ற பெரிய திட்டத்தை 2004க்குப் பிந்தைய காயங்களுக்கு நிறுத்திவிட்டு அந்த இடத்தில் வைக்கப்பட்ட சின்ன ஆறுதல் அது. வேலையிடத்தில் காயம்பட்ட அமெரிக்கத் தொழிலாளி அடுத்த பத்து ஆண்டுகளில் சராசரியாகச் சுமார் 31,000 டாலர் வருமானத்தை இழக்கிறார் என்று அந்த நாட்டுப் பணியிடப் பாதுகாப்புத் துறையே 2015இல் சொன்னது. இந்தத் தொகைக்குப் பக்கத்தில் ஆறாயிரத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இதே ஆள் என்ன ஆவார் என்ற கேள்வி வாசகருக்கு வந்திருக்கும். இங்கிலாந்தின் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்ட 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும்தான் இங்கே நெடுங்காலம் ஆண்டவை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இரண்டையும் தனக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறது. நிரந்தர ஊனத்தில் நம் நீதிமன்றங்கள் தாராளமாகவே இருந்திருக்கின்றன. தியேட்டர் ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று வழக்கறிஞர்கள் சொல்வது அதைத்தான். ஒற்றைக் கையால் வேறு ஏதாவது வேலை செய்யலாமே என்று நீதிமன்றம் கேட்கவில்லை. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே சம்பாதிக்கும் திறனை நூற்றுக்கு நூறு இழந்துவிட்டார் என்றது. விபத்து நேர்ந்த நாளில் அவரால் செய்ய முடிந்த வேலை எதுவோ, அளவுகோல் அதுதான்.

தற்காலிக ஊனத்தில் கதை மாறுகிறது. இ.எஸ்.ஐ.யில் காயம்பட்டவருக்குத் தினச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கிறது. அமெரிக்காவின் மூன்றில் இரண்டைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 63ஆம் பிரிவு, வேலை செய்த எந்த நாளுக்கும் இந்தப் பணம் கிடையாது என்றது. 64ஆம் பிரிவோ, சிகிச்சையில் இருக்கும்போது குணமாவதைத் தாமதப்படுத்தும் எதையும் செய்யக்கூடாது என்றது. டிஸ்பென்சரி தரும் சான்றிதழில் ஒன்று வேலை செய்ய முடியாத காலம் இருக்கும், அல்லது வேலைக்குத் தகுதி என்று இருக்கும். பிஆர்-2இல் பார்த்த அந்த நடுக்கட்டத்துக்கு இங்கே இடமில்லை. தினம் 600 ரூபாய் வாங்கிய திருப்பூர் ஆடைத் தொழிலாளி ஒருவருக்கு வீட்டில் இருந்தால் 540 வரும். உட்கார்ந்து பிசிர் வெட்டும் வேலை 300 ரூபாய்க்குக் கிடைத்து நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போனால், அன்றைய 540 முழுவதும் போய்க் கையில் 300 மட்டும் நிற்கும். சொல்லாமல் போனால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது அந்தச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. எந்தக் கணக்குப் பிள்ளையைக் கேட்டாலும் வீட்டில் இரு என்றுதான் சொல்வார். மருத்துவக் குழு நிரந்தர ஊனத்தை மதிப்பிட்டு மாதப்பணம் முடிவான பிறகு இந்தத் தடை போய்விடும்; வேறு வேலைக்குப் போனாலும் அந்தப் பணம் ஆயுள் முழுக்க வந்துகொண்டிருக்கும். சிக்கல் எல்லாம் அதுவரையிலான மாதங்களில்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், பழையதும் கஞ்சத்தனமானதுமான 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நடுக்கட்டம் இருந்தது. தற்காலிக ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரை மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும் என்றது அதன் 4ஆம் பிரிவு. கூடவே ஒரு நிபந்தனை: விபத்துக்கு முன் வாங்கிய அரை மாதச் சம்பளத்துக்கும் இப்போது சம்பாதிக்கும் அரை மாதச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தொகை தாண்டக்கூடாது. 12,000 வாங்கியவருக்கு அரை மாதத்துக்கு 3,000. அவர் 8,000 ரூபாய்க்கு இலேசான வேலை ஒன்றில் சேர்ந்தால் வித்தியாசம் அரை மாதத்துக்கு 2,000, அதுவரை வாங்கிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் 8,000மும் 4,000மும் சேர்ந்து பழைய 12,000 ரூபாயே கைக்கு வரும். முதலாளியின் செலவைக் குறைக்க எழுதப்பட்ட நிபந்தனைதான். ஆனால் காயம்பட்டவர் இடையில் வேறு இடத்தில் சம்பாதிப்பார் என்பதை இயல்பான விஷயமாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களால் அந்தச் சட்டத்தின்கீழ் கேட்க முடிந்ததில்லை. புதிய சட்டத்தொகுப்பின் விதிகளை எழுதுகிறவர்கள் அந்த ஒரு நிபந்தனையை எடுத்து 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால், டிஸ்பென்சரி மருத்துவரின் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு கட்டம் அச்சடிக்க வேண்டியிருக்கும்.